புகைக்கூட்டின் சாவி

முதல் தீ ஒத்திகை நாளன்று மணி அடித்ததும் நாங்கள் நாற்பது பெண்களும் ஓடியது படிக்கட்டுக்கு அல்ல, துணி அறைக்கு. யாரும் யாருக்கும் சொல்லவில்லை. கால் தானாகப் போனது. ஐந்தாம் மாடியின் நடுவில், யன்னல் இல்லாத அறை அது. நாலு பக்கமும் கூரைவரை துணிக்கட்டு அடுக்கியிருக்கும். உள்ளே போய் ஒருவரோடு ஒருவர் ஒட்டிக் குந்தியிருந்து காதைப் பொத்திக்கொண்டோம். கடைசியாக வந்தவள் கதவையும் சாத்தினாள். ஒத்திகை நடத்த வெளியூரிலிருந்து வந்த பயிற்சியாளர் படிவாசலில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். ஒருவரும் வராததால் தேடிக்கொண்டு வந்து, கதவைத் திறந்து எங்களைக் கண்டார்.

ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டார். எங்களுக்கே அப்போதுதான் விளங்கியது. சத்தம் கேட்டால் மண்மூட்டைக்கு நடுவில் போய்க் குந்த வேண்டும் என்று எங்கள் உடம்பு சண்டைக் காலத்தில் படித்த பாடம் அது. பங்கர், அதுதான் பதுங்குகுழி, இல்லாத இடத்தில் துணிக்கட்டைப் பங்கராக்கிவிட்டோம். அந்தக் காலம் நினைவில்லாத சின்னப்பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் எங்களைப் பார்த்து ஓடி வந்திருந்தார்கள். சிலர் சிரித்தோம், இரண்டு பேர் அழுதார்கள். நான் அந்தத் தளத்தின் மேற்பார்வையாளர். எல்லாருக்கும் முன்னால் ஓடினவள் நான்தான்.

கட்டடத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொழும்புக்காரர் பார்த்தால் இதையா உயரக் கட்டடம் என்கிறீர்கள் என்று சிரிப்பார்கள். ஆறு தளம்தான். ஆனால் வவுனியாவில் அது போதும். முள்ளியவளையிலிருந்து என்னைப் பார்க்க வந்த தங்கை, எங்கள் யன்னலால் ஒருக்கால் கீழே எட்டிப் பார்த்துவிட்டுத் தலை சுற்றுகிறது என்று தரையில் இருந்துவிட்டாள். கீழ் இரண்டு தளமும் புடவைக்கடை. அதற்கு மேல் இரண்டாம் மாடியில் களஞ்சியம், மூன்றாம் மாடியில் அலுவலகம், நான்காம் மாடியில் துணி வெட்டுகிற இடம். ஐந்தாம் மாடியில் நாங்கள் பள்ளிக்கூடச் சீருடை தைத்தோம். எங்கள் தலைக்கு மேல் மொட்டைமாடி.

பயிற்சியாளர் கோபக்காரர் இல்லை. சாப்பாட்டுக்குப் பிறகு எங்களை வட்டமாக இருத்திவிட்டு, ஒரு சப்பாத்துப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். மூடிக்குப் பதிலாகக் கண்ணாடித் தாள் ஒட்டியிருந்தது. அடியில் சின்ன ஓட்டை போட்டு ஊதுபத்திக் கட்டு ஒன்றைக் கொளுத்தி உள்ளே விட்டார். புகை நேரே மேலே போய், இடமில்லாமல் திரும்பிக் கீழே இறங்கி, பெட்டி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பிறகு பெட்டியின் உச்சியில் ஒரு ஓட்டை குத்தினார். நாங்கள் பார்த்திருக்கவே புகை அதால் வெளியேறி, கீழ்ப்பாதி துலங்கிவிட்டது. நெருப்புச் சுடுவதற்கு முந்திப் புகை ஆளை விழுத்திவிடும் என்றார். படிக்கட்டுத்தான் இந்தப் பெட்டி. ஒவ்வொரு மாடியிலும் படிக்குப் போகிற கனமான கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், அதைத் திறந்து வைக்கக் கூடாது. எங்காவது கொஞ்சம் புகை படிக்குள் வந்தாலும், மணி அடித்ததும் படியின் உச்சிக் கூரையில் ஒரு கதவு தானாகத் திறந்து அதை வெளியே அனுப்பிவிடும்.

குசினி அடுப்புக்கு மேலே இருக்கிற புகைக்கூடு மாதிரி என்று ஒருத்தி சொன்னாள். அன்றிலிருந்து அந்தக் கூரைக்கதவுக்குப் புகைக்கூடு என்றே பெயர்.

தீப் பாதுகாப்புப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். காரணம், என் தொண்டை. என் வாய் அந்தக் கட்டடத்தில் பேர்போனது. நாற்பது மெஷின் ஓடுகிறபோதும் நான் கத்தினால் கீழே கடைக்குக் கேட்கும் என்பார்கள். மாதம் ஒரு தரம் மணி அடித்துப் பழக்கினோம். மெஷினை நிறுத்து, செருப்புத் தேடாதே, இரண்டு இரண்டு பேராக வா, கடைசி ஆள் கதவைச் சாத்து. செருப்புத்தான் பெரிய வில்லங்கம். மெஷினில் கால் வைக்கச் செருப்பைக் கழற்றி வாசலில் விட்டிருப்பார்கள், மணி அடித்தால் நாற்பது பேரும் குனிந்து தங்கள் சோடியைத் தேடுவார்கள். நான் ஒரு நாள் அத்தனை செருப்பையும் சாக்கில் அள்ளி மூலையில் போட்டுவிட்டேன். திட்டினார்கள். ஆனால் பழகினார்கள். துணி அறைக்கு ஓடுவதுதான் லேசில் போகவில்லை. நாலைந்து மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். அது பங்கர் இல்லையடி, உள்ளுக்குப் புகை வந்தால் வெளியே வர வழியில்லாத பெட்டி என்று தொண்டை கிழியச் சொன்னேன்.

ஒருத்தி மட்டும் கடைசிவரை அசையவில்லை. சட்டைக்குக் கொலர் தைக்கிறவள். தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக்கு வந்து காடு வெட்டி வயலாக்கிய குடும்பம், முரசுமோட்டைப் பக்கம். புருஷனையும் மகளையும் ஊரில் விட்டுவிட்டு, கிழமைக்கு ஐந்து நாள் வவுனியாவில் அறை எடுத்துத் தங்கி வேலை செய்தாள். நல்ல கை. ஆனால் மணி அடித்தால் முகம் வெளிறி, துணி அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். கடைசிச் சண்டையில் இவளுக்குப் பதினாறு வயது. தகப்பன் தண்ணீர் எடுக்கவென்று பங்கரை விட்டு வெளியே போனவர், திரும்பி வரவில்லை. இவள் உள்ளே இருந்தாள், பிழைத்தாள். உள்ளே இருந்தால் உயிர், வெளியே போனால் இல்லை என்பது அவளுக்குக் கண்ணால் கண்ட கணக்கு. அதை நான் ஒரு சப்பாத்துப் பெட்டியைக் காட்டி மாற்றப் பார்த்தேன்.

ஒரு ஒத்திகை நாளில் அவளைக் கையில் பிடித்துப் படிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உச்சியில் புகைக்கூடு திறந்திருந்தது. சதுரமாக வானம் தெரிந்தது, விளிம்பில் ஒரு காகம் இருந்தது. படியெல்லாம் காற்று.

"உண்மையா இதுக்குள்ள புகை நிக்காதா அக்கா?" என்று கேட்டாள்.

"மணி அடிச்சா இது திறக்கும் பிள்ளை. நான் சொல்லுறன், நம்பு" என்றேன்.

அடுத்த மாதம் வரிசையில் முதல் ஆளாக அவளை நிறுத்தினேன். முன்னுக்கு நின்றால் வழி தெரியும், பயம் குறையும் என்று நினைத்தேன். அவள் போனாள். கீழே இறங்கி வீதியில் நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். எனக்கு அன்று இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது.

எங்கள் முகாமையாளரை, அதுதான் மனேஜரை, நான் அண்ணை என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்த குடும்பம். சண்டை முடிந்து முகாமில் இருந்தபோது பக்கத்துக் கூடாரம் அவர்களுடையது. என் மகள் வயிற்றோட்டத்தில் கண் செருகிக் கிடந்த அன்று, அவளைத் தோளில் போட்டுக்கொண்டு வைத்தியர் இருந்த இடத்துக்கு ஓடியவர் அவர். பிறகு இந்த வேலையையும் அவரே எடுத்துத் தந்தார். அந்த மனிதர் ஒன்றைச் சொன்னால் நான் திரும்பிக் கேட்கிற வழக்கம் இல்லை. அதுதான் நான் செய்த பிழை.

வெள்ளிக்கிழமைகளில் கடையில் பூசை. பெரிய தட்டில் தணல் போட்டுச் சாம்பிராணி தூவி, தளம் தளமாகக் காட்டுவார்கள். சாமிப் படமே தெரியாத அளவுக்குப் புகை. அந்தப் புகை பட்டுத் தீ மணி தானாக அடிக்கும். மணி அடித்தால் புகைக்கூடு திறக்கும். மாரி காலத்தில் திறந்தால் மழை படிவழியே அருவியாக இறங்கும். படி வளைவுகளில் கட்டுக்கட்டாக வைத்திருந்த துணி நனையும். வைக்கக் கூடாத இடத்தில் வைத்த துணி அது. வெள்ளிக்கு வெள்ளி இந்தக் கூத்துத்தான். ஒரு கட்டத்தில் வெள்ளிக்கிழமை மணி அடிப்பது நின்றுவிட்டது. என்னவென்று அண்ணையைக் கேட்டேன். ஆள் வந்து திருத்தியாயிற்று என்றார். எனக்கும் நிம்மதி. இனி இடையில் தையல் நிற்காது, அது எவ்வளவு மிச்சம் என்று நினைத்தேனே தவிர, வேறொன்றும் நினைக்கவில்லை.

அதற்குப் பிறகு ஒத்திகைகளில் மணியை அலுவலகத்தில் இருந்து கையால் அழுத்தினார்கள். பெண்களைக் கீழே இறக்குகிற அவதியில் நான் நிமிர்ந்து மேலே பார்க்கவில்லை. மாத முடிவில் ஒரு பதிவேடு என் மேசைக்கு வரும். கதவுகள் பார்க்கப்பட்டன, மணி பார்க்கப்பட்டது, கூரைக்கதவு திறந்து பார்க்கப்பட்டது. மொட்டைமாடிச் சாவி அண்ணையிடம். "நான் பாத்திட்டன், நீர் வையும் பிள்ளை" என்பார். நான் கையெழுத்து வைப்பேன். என் மேசையிலிருந்து அந்தக் கதவுக்கு ஒரு மாடிப் படி. ஏறிப் பார்த்திருக்கலாம்.

கார்த்திகை மாதம், வெள்ளிக்கிழமை, காலை. வெளியே நல்ல மழை. பூசைத் தணல்தான் காரணமா, வயர் காரணமா என்று இன்றுவரை ஆளுக்கொன்று சொல்கிறார்கள். களஞ்சியத்தில் பொலித்தீன் பைக் கட்டில் நெருப்புப் பிடித்தது. களஞ்சியத்தின் படிக்கதவு சாத்தாமல் இருக்க அதற்கு ஒரு துணிக்கட்டை அண்டை கொடுத்திருந்தார்கள், சாமான் ஏற்றி இறக்க வசதியாக. புகை படிக்குள் போனது. கீழ்த் தளங்களில் மணி அடிக்கவில்லை. மூன்றாம் மாடி அலுவலகத்தில் யாரோ புகையைக் கண்டு மணிப் பெட்டியின் கண்ணாடியை உடைத்து அழுத்திய பிறகுதான் எங்களுக்குக் கேட்டது.

என் பெண்கள் அழகாக நடந்தார்கள். மெஷின் நின்றது. ஒருவரும் செருப்புத் தேடவில்லை. இரண்டு இரண்டு பேராக வரிசை. நான் படிக்கதவைத் திறந்து பிடித்தேன். உள்ளே மெல்லிய புகை இருந்தது, சாம்பல் நிறத்தில், பிளாஸ்டிக் எரிகிற நாற்றத்தோடு. முதல் ஆளாக நின்ற கொலர்க்காரி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"போ பிள்ளை, மேல திறந்திடும். புகை போயிடும்" என்றேன்.

போனாள். அவளுக்குப் பின்னால் பதினொரு பேர் போனார்கள். பதின்மூன்றாம் ஆள் வாசலில் கால் வைத்தபோது புகை கறுத்து, கண் எரியத் தொடங்கியது. அப்போதுதான் மேலே பார்த்தேன். வானம் தெரியவில்லை. புகைக்கூடு மூடியிருந்தது. புகை அதில் முட்டித் திரும்பி எங்கள் மேல் இறங்கியது. அந்த ஊதுபத்திப் பெட்டி கண்ணுக்குள் வந்தது. கீழே போனவர்களைக் கூப்பிட்டுக் கத்தினேன். பேர்போன தொண்டை, ஒரு வார்த்தைக்கு மேல் வரவில்லை, இருமல்தான் வந்தது.

மிச்சப்பேரை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். துணியைத் தண்ணீரில் நனைத்துக் கதவின் அடியில் அடைத்தோம். யன்னல்களைத் திறந்து, மழையில் தலையை நீட்டி மூச்செடுத்தோம். எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டுப் பேர் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்தாறு பேர். காணாமல் போன இரண்டு பேரும் என்னைவிட வயதானவர்கள். துணி அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு குந்தியிருந்தார்கள். எல்லாம் முடிந்து வெளியே வந்தபோது அவர்கள் முகத்தில் ஒரு கரி இல்லை, சீலையில் மணம்கூட இல்லை. அவர்களைக் கண்டபோது எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. யார் மேல் ஆத்திரம் என்று அப்போது தெரியவில்லை.

தீயணைக்க வந்தவர்களில் ஒருவர் முகமூடியோடு படி ஏறி உச்சிவரை போனார். கோடரிச் சத்தம் கேட்டது. தகரம் ஒன்று மொட்டைமாடியில் விழுகிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு தேத்தண்ணி குடிக்கிற நேரம்கூட இருக்காது, படிக்கதவைத் திறந்து வரச் சொன்னார்கள். புகை போய்விட்டிருந்தது. கறுத்துப்போன சுவருக்கு நடுவில் மழை தூறியது. பயிற்சியாளர் சொன்னது அத்தனையும் உண்மை. ஒன்றுகூடப் பிழையில்லை.

புகைக்கூட்டைக் கட்டுக்கம்பியால் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கி, மேலே தகரம் வைத்துக் கல் ஏற்றியிருந்தார்கள். கீழ்த் தளங்களின் மணி வயரைக் கழற்றியிருந்தார்கள். வயர் வேலை செய்கிறவர் பிறகு என்னிடம் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். மழை முடிய மறுபடி பூட்டலாம் என்று அண்ணை சொன்னாராம். அது எந்த மழை என்று நான் கேட்டேன். போன வருஷ மாரி என்றார்.

படிக்குள் போன பன்னிரண்டு பேரில் பதினொரு பேர் இருமி, விழுந்து, ஒருவரை ஒருவர் இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். கொலர்க்காரியை மட்டும் தீயணைப்புக்காரர்தான் தூக்கி வந்தார்கள். உயிர் இருந்தது. ஆனால் நெஞ்சுக்குள் புகை போய்ச் சுட்டுவிட்டது என்றார் வைத்தியர். முன்னுக்குப் போனவள் எப்படிப் பின்தங்கினாள் என்று எனக்கு விளங்கவில்லை.

விசாரணைக்கு இரண்டு அதிகாரிகள் வந்தார்கள். அலுவலகத்தில் கதிரை போட்டு இருத்தினார்கள். அண்ணை அலுமாரியைத் திறந்து அந்தப் பதிவேட்டை எடுத்து, அவர்கள் வாசிக்க வசதியாகத் திருப்பி வைத்தார். மாதம் மாதம் என் கையெழுத்து. வடிவான கையெழுத்து, எனக்கு.

"தீப் பாதுகாப்பு முழுக்க அவாவின்ர பொறுப்பு. நான் அதுக்குள்ள தலையிடுறேல்லை" என்றார்.

என் மகளைத் தோளில் போட்டு ஓடிய மனிதர். நான் அவருடைய கையைப் பார்த்தேன். பதிவேட்டின் பக்கங்களை ஆறுதலாகப் புரட்டிக்கொண்டிருந்தது. அவர் பயந்திருந்தால்கூட மன்னித்திருப்பேனோ என்னவோ.

"மொட்டைமாடிச் சாவி ஆரிட்ட இருந்தது அண்ணை?" என்று கேட்டேன்.

அவர் கைபேசியை எடுத்துப் பார்த்தார். அதிகாரிகள் எழுதிக்கொண்டு போனார்கள். இரண்டு பேருக்கும் எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. வாசகம்கூட ஒன்றுதான்.

தைமாதம் முரசுமோட்டைக்குப் போனேன். கிளிநொச்சியில் இறங்கி, பரந்தனால் போகிற பஸ் பிடித்து, வாய்க்கால் ஓரம் நடந்து போக வேண்டும். நெல் விளைந்து நின்றது. அவள் வாசலில் கதிரையில் சாய்ந்திருந்தாள். அடுப்புப் புகை பட்டால் மூச்சு முட்டுகிறதென்று, புருஷன் குசினியைப் பிரித்து வளவின் கடைசியில் தகரக் கொட்டிலாகப் போட்டிருந்தார். இனி அவள் சமைக்க முடியாது. தைக்கவும் முடியாது, துணித்தூசு ஆகாது. ஒரு வசனம் பேச மூன்று தரம் மூச்செடுத்தாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுக்கம்பி, தகரம், பதிவேடு, என் கையெழுத்து. எதையும் மறைக்கவில்லை. மறைத்தால் நானும் அண்ணையும் ஒன்று. நீ ஏனடி பின்தங்கினாய், முன்னுக்கல்லவா போனாய் என்று கடைசியில் கேட்டேன்.

"நான் படியில நிண்டு மேல பாத்துக்கொண்டு நிண்டனான் அக்கா" என்றாள். மூச்செடுத்தாள். "இப்ப திறக்கும், இப்ப திறக்கும் எண்டு."

மற்றவர்கள் நான் சொன்னதை மறந்து ஓடினார்கள், தப்பினார்கள். அவள் மறக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, அழுதேன். அவள் அழவில்லை. அவளுடைய மகளைக் கூப்பிட்டு எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள். புறப்படும்போது போய்விட்டு வருகிறேன் என்றேன். அவள் தலையை மட்டும் ஆட்டினாள்.

நான் வேலையை விடவில்லை. விட்டால் அந்தப் பெண்களை யார் பார்ப்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், வேறு வேலையும் இல்லை. அண்ணையும் போகவில்லை. முதலாளி வெளிநாட்டில் இருந்து வந்து அவரோடு கதைத்துவிட்டுப் போனார். வாசலில் எதிர்ப்பட்டால் அவர் என்னைப் பிள்ளை என்று கூப்பிடுவதில்லை, நான் அவரைப் பார்ப்பதில்லை. ஆனால் மொட்டைமாடிச் சாவியைச் சண்டை பிடித்து வாங்கிவிட்டேன். தாலிக்கொடியோடு கோத்துக் கழுத்தில் போட்டிருக்கிறேன். திங்கள்தோறும் முழங்கால் வலியோடு ஏறி, மணியை அடித்து, புகைக்கூடு திறக்கிறதா என்று என் கண்ணால் பார்த்த பிறகுதான் பதிவேட்டில் பேனை வைக்கிறேன். படிக்கதவுகளுக்கு இப்போது அண்டை இல்லை. வளைவுகளில் துணி இல்லை. சாம்பிராணித் தட்டு கடை வாசலைத் தாண்டி உள்ளே வருவதில்லை. அந்தப் படிக்கட்டு, கட்டிய நாளிலிருந்து ஒருநாளும் இல்லாத அளவுக்கு இப்போது பத்திரமாக இருக்கிறது.

போன மாதம், எல்லாம் திருத்திய பிறகு முதல் ஒத்திகை. அந்தப் பயிற்சியாளரே வந்தார். மணி அடித்தது. நான் படிக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு மேலே பார்த்தேன். புகைக்கூடு திறந்துகொண்டது. சதுரமாக வானம். காற்று படிவழியே வந்து என் சீலையைத் தூக்கியது.

ஒருவரும் வரவில்லை. திரும்பிப் பார்த்தேன். மெஷின்கள் எல்லாம் நின்றிருந்தன. வாசலில் செருப்புகள் அப்படியே கிடந்தன. அவர்கள் ஓடவில்லை, தள்ளுப்படவில்லை. நான் பழக்கியபடியே இரண்டு இரண்டு பேராக, வரிசையாக, துணி அறைக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் அந்த வயதான இரண்டு பேரும் போனார்கள்.

பயிற்சியாளர் என்னைப் பார்த்தார், கூப்பிடுங்கோ என்பது போல. நெருப்பு எங்கள் மாடியிலேயே பிடித்தால் அந்த அறையிலிருந்து ஒரு ஆளும் மிஞ்சாது என்பது எனக்குத் தெரியும். வாயைத் திறந்தேன். நான் சொல்லுறன், நம்புங்கோ என்று சொல்ல வேண்டும். அதைத் தவிர வேறு வார்த்தை எனக்குத் தெரியாது. கடைசி ஆள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.